அடுப்படியில் தொடங்கும் கணக்கு: மலையக வீட்டுக்கு ஒரு காலநிலை வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு பட்டியலைக் கண்டு, அச்சடித்து, எங்கள் குசினிச் சுவரில் ஒட்டினேன். பூமி சூடாவதைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று இருபது விஷயம் வரிசையாக இருந்தது. காரை விட்டு சைக்கிளுக்கு மாறுங்கள். விமானப் பயணத்தைக் குறையுங்கள். மாட்டிறைச்சியை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். வீட்டு ஹீட்டரை இரண்டு பாகை இறக்குங்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாக வாசித்தார். அப்புறம் கேட்டார்: "இதுல விடுறதுக்கு நம்மகிட்ட என்னா இருக்கு?"

நியாயமான கேள்விதான். எரிபொருள் எரிப்பதால் இலங்கையர் ஒருவர் கணக்கில் வருடத்துக்கு வருகிற கரியமில வாயு சுமார் 1 டன். உலக சராசரியோ 4.7 டன்னை ஒட்டி நிற்கிறது. அந்த 1 டன்னும் ஏசி போட்ட வீடுகளையும் சொகுசு வாகனங்களையும் சேர்த்துப் பங்கு போட்ட கணக்கு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற குடும்பத்தின் பங்கு அதில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியக்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், கூடையோடு மலை ஏறி இறங்குகிற பெண்ணிடம் "கொஞ்சம் நடங்கள், உடம்புக்கும் பூமிக்கும் நல்லது" என்று சொல்கிற வழிகாட்டி இது இல்லை. கொஞ்சமாவது தெரிவு கையில் இருக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். டவுனில் வாடகைக்கு இருக்கிறவர்கள், ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு கிடைத்தவர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளை கொழும்பிலிருந்து பணம் அனுப்புகிற வீட்டுக்காரர்கள். லயத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பாதி உதவும். ஆனால் அவர்களைப் பார்த்துக் "குறை" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று, சந்தோஷம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டன், ஜியாயிங் ஜாவ் என்று இரண்டு உளவியலாளர்கள் இருக்கிறார்கள். காலநிலைக்கும் உதவுகிற, செய்கிறவர் மனதுக்கும் பிடிக்கிற பழக்கங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பது அவர்கள் வழி. நான் அதைப் படிப்பதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். சுவரில் ஒட்டிய இருபதில் ஏழு விஷயத்தை ஒரே வாரத்தில் தொடங்கினேன், பதினைந்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிடிக்காத பழக்கம் இரண்டு வாரம் தாங்கினாலே அதிகம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்வி: புகை குறைகிறதா, வீட்டில் எரிச்சல் குறைகிறதா. ஒன்றுக்கு மட்டும் "ஆம்" என்றால் அதைத் தள்ளி வையுங்கள்.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள், ஒன்றையும் மாற்றாதீர்கள்

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். காலையில் மின்மானியின் இலக்கம். சிலிண்டர் மாற்றிய திகதியை மார்க்கரால் சிலிண்டரிலேயே எழுதிவிடுங்கள், கொப்பியைத் தொலைத்தாலும் அது இருக்கும். எத்தனை கட்டு விறகு, பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் போன காசு, குப்பைக்குப் போன சோறு எவ்வளவு என்பதும் வேண்டும்.

இதெல்லாம் பக்கத்தின் இடது புறம். வலது புறத்தில், அன்றைக்கு மனதுக்கு இதமாக இருந்த நேரம் ஒன்று, எரிச்சலாக இருந்த நேரம் ஒன்று. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இந்த வழிகாட்டியின் பாதி அந்த வலது புறத்தில்தான் இருக்கிறது.

என் கொப்பியில் வந்தது இப்படி. எரிச்சல்: காலையில் குசினிப் புகை, வெந்நீருக்காகப் பிள்ளைகள் போடும் சண்டை, டவுனில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பது. இதம்: பின்னேரம் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்து குடிக்கிற தேத்தண்ணி, பக்கத்து வீட்டு அக்காவோடு வேலியோரம் பேசிய பத்து நிமிடம், சனிக்கிழமை அம்மாவோடு ரொட்டி தட்டியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட இதத்தில் வரவில்லை. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், இருக்கட்டும். எங்கே தொடங்குவது என்று அதுதான் சொல்லும். எனக்கு அது அடுப்படி.

இரண்டாம் படி: அடுப்படி

மலை நாட்டில் சமைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை இறங்கும், சுமார் 300 மீட்டருக்கு ஒரு பாகை. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. கடலை வேகவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, பாதித் தவறு மலையுடையது. அடுப்பைக் கூட்டி வைத்தாலும் தண்ணீர் 94ஐத் தாண்டாது, எரிவாயுதான் தாண்டிப் போகும்.

பிரஷர் குக்கருக்குள் இந்தக் குறை இல்லை. அழுத்தத்தால் உள்ளே 115 பாகைக்கு மேல் போகும். கீழ்நாட்டில் குக்கர் ஒரு வசதி, இங்கே அது எரிபொருளை மிச்சம் பிடிக்கிற முதல் கருவி. ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் குக்கரை வாங்குங்கள். இருக்கிற குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் அதை மாற்றுங்கள், ஆவி கசிகிற குக்கரால் பிரயோசனம் இல்லை. கடலை, கௌபி, பயறு எல்லாவற்றையும் இரவே ஊறப்போடுங்கள். இது பாட்டிக்குத் தெரிந்த விஷயம்தான்.

அடுத்தது கம்பளி. தோட்டத்தில் அந்தக் காலத்தில் மழைக்குப் போர்த்திக்கொண்ட தடித்த கறுப்புக் கம்பளி ஒன்று அம்மாவின் பெட்டியில் இருந்தது. அதற்கு நான் புது வேலை கொடுத்தேன். செய்முறை: ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் பழைய துணி அல்லது பத்திரிகைத் தாளை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். வழக்கம்போல அரிசியை அளந்த தண்ணீரில் போட்டு, நன்றாகக் கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் வையுங்கள். மூடியைத் திறக்காமல் பானையை அப்படியே பெட்டிக்குள் இறக்கி, கம்பளியால் மேலும் கீழும் இறுக்கிச் சுற்றுங்கள். பச்சரிசி முக்கால் மணி நேரத்தில் வெந்திருக்கும், சிவப்பரிசிக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஊறவைத்த மைசூர் பருப்பும் இப்படி வேகும். இரண்டு எச்சரிக்கை. வெந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்குள் விடாதீர்கள், இளஞ்சூட்டில் கெட்டுப்போகும். சிவப்பு ராஜ்மா போட்டால், அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே கம்பளி, இல்லாவிட்டால் அதிலிருக்கும் நஞ்சு போகாது.

முதல் தடவை அம்மா நம்பவில்லை. மூன்று தரம் வந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்தார், ஒவ்வொரு தரமும் சூடு போனது. நான்காம் நாள்தான் சோறு சரியாக வந்தது. இப்போது சாயங்காலம் பானையைக் கம்பளிக்குள் போட்டுவிட்டு அம்மாவும் நானும் இஸ்தோப்புக்குப் போய்விடுகிறோம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லாத அந்த முக்கால் மணி நேரம், கொப்பியின் வலது புறத்தில் அடிக்கடி வருகிறது. 12.5 கிலோ சிலிண்டர் முன்பு எங்களுக்கு 33 நாள் வந்தது, குக்கரும் கம்பளியும் சேர்ந்த பிறகு 40ஐத் தாண்டுகிறது. 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டில் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஏழு நாளின் அருமை விளங்கும்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "விறகு கெட்டது, காஸ் நல்லது" என்று ஒரே அடியாகச் சொல்கிறவர்கள் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து வருகிற மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை, செடி திரும்பத் தழைக்கும்போது காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிற கரிதான். காட்டு மரத்தை வெட்டுவதும் அதுவும் ஒன்றல்ல. பிரச்சினை புகை. மூடிய குசினியில் தினமும் அந்தப் புகையைச் சுவாசிப்பது நெஞ்சுக்கு நல்லதே இல்லை. ஈர விறகென்றால் இரட்டைப் புகை, பாதிச் சூடு, தண்ணீரை ஆவியாக்கவே முதல் நெருப்பு செலவாகிவிடும்.

ஆகவே மிலாறை வாங்கியவுடன் எரிக்காதீர்கள். கூரை விளிம்புக்குக் கீழே, தரையில் படாமல் இரண்டு கட்டை வைத்து, காற்றுப் போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மழை ஓயாத பக்கங்களில் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே அடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பானை வைக்கிற 'அனகி' களிமண் அடுப்பு ஒன்று கிடைத்தால் வாங்கிப் பொருத்துங்கள். திறந்த மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகவே கேட்கும், இரண்டாவது பானையில் வெந்நீர் சும்மா கிடைக்கும். ஒரு புகைபோக்கியும் வையுங்கள்.

காஸ் இருந்தாலும் விறகடுப்பை முழுதாக மூடிவிடாத வீடுகள் இங்கே நிறைய. குளிர் மாதத்தில் குடும்பம் கூடுகிற இடம் அதுதான். பிள்ளைகள் பாடம் படிப்பதும், தாத்தா கால் காய்வதும், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் அதன் ஓரத்தில். புகையை வெளியே அனுப்புங்கள், அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயு பற்றிக் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் குளிர் கூடினால் கிருமி சோம்பும், 15 பாகைக்குக் கீழே வாயு நன்றாகக் குறைந்துவிடும். பண்டாரவளைப் பக்கம் சரிவரும். கந்தப்பளை, ராகலைக் குளிரில் யோசித்து இறங்குங்கள்.

மூன்றாம் படி: வெந்நீரும் அறுபதாம் யூனிட்டும்

இந்த மலையில் மின்சாரம் தூரத்து விஷயம் இல்லை. லக்சபான, காசல்ரீ, மவுசாகலை எல்லாம் நம் மழையை மின்சாரத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிற இடங்கள். தலவாக்கலைக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், செயின்ட் கிளேயார் அருவியின் தண்ணீர்தான் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை நிலையத்துக்குப் போகிறது. மழை போதாத மாதத்திலும், சாயங்காலம் 6.30 முதல் 10.30 வரை எல்லாரும் ஒன்றாக சுவிட்ச் போடுகிற நேரத்திலும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தோடு எண்ணெயும் கூடுதலாக எரியும். எவ்வளவு எரிக்கிறோம் என்பதோடு எப்போது எரிக்கிறோம் என்பதும் முக்கியம்.

மின்சாரப் பட்டியலில் 60 யூனிட் ஒரு கோடு. மாதத்துக்கு அதைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலைவரிசை. தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே வேறு வரிசை. 62 வந்த வீடு அந்த இரண்டு யூனிட்டுக்குக் கொடுக்கிற விலை கொடுமையானது. உங்கள் வீடு 60க்கும் 75க்கும் நடுவில் நிற்கிறதென்றால் இந்தப் படிதான் கையில் காசு தரும்.

எங்கே போகிறது? பெரும்பாலும் வெந்நீரில். 20 லீட்டர் வாளித் தண்ணீரை 18 பாகையிலிருந்து 40க்குச் சூடாக்க அரை யூனிட் வேண்டும். நான்கு பேர் தினமும் ஆளுக்கொரு வாளி என்றால் மாதத்துக்கு 60 யூனிட், கோடு அங்கேயே முடிந்தது. 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரின் கீழே பதினைந்து நிமிடம் நின்றால் ஒரு ஆளுக்கே 0.9 யூனிட். குளிரும் ஊரில் குளிர்ந்த நீரில் குளியுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது சந்தோஷத்தில் சேராது. நாங்கள் செய்தது இதுதான்: சமையல் முடிந்த அடுப்பின் மிச்சத் தணலில் பெரிய பானை. குளியல் இரவிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு மாறியது, தண்ணீரும் அந்த நேரம் அவ்வளவு குளிராக இருக்காது. விறகடுப்பு இல்லாத வீடு என்றால், ஷவரை விட்டு அளந்த வாளிக்கு வாருங்கள். பிள்ளைகளின் வெந்நீர்ச் சண்டை முறை போட்டதில் தீர்ந்தது. மூத்தவள் திங்கள், புதன், வெள்ளி முதல் ஆள்.

தேத்தண்ணிக்கு பிளாஸ்க். காலையில் ஒரு முறை கொதிக்க வைத்து ஊற்றிவிட்டால் பத்து மணிக்கும் சூடு இருக்கும். ஒரு லீட்டரைக் கொதிக்க வைக்க பத்தில் ஒரு யூனிட் என்பது சின்னக் கணக்கு. ஆனால் இரண்டு கோப்பைக்கு ஒரு கேத்தல் நிரப்பி, மிச்சத்தை ஆறவிட்டு, திரும்பக் கொதிக்க வைப்பதை ஒரு நாளைக்கு ஆறு தடவை செய்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஸ்திரிப்பெட்டியை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுங்கள். குண்டு பல்ப் இன்னும் இருந்தால் மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் படி: ஏழு பேர்ச்சும் எட்டு சாக்கும்

தோட்டம் என்றால் நமக்குத் தேயிலைத் தோட்டம், இங்கே சொல்வது மரக்கறிக் கொல்லை. நிலம் இருந்தால் நல்லது. லயத்தின் முன்னால் இரண்டடி வாசல் மட்டும் என்றால் உரச்சாக்கு எட்டு போதும்.

எங்கள் சாக்குகளில் வல்லாரை, புதினா, வெங்காயத்தாள், லீக்ஸ், கொத்தமல்லி. கீழே மண்ணில் கோவா, நோக்கோல், போஞ்சி. வேலியோரம் ஒரு மரத்தக்காளி. உருளைக்கிழங்கும் ஒரு முறை போட்டேன். ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போனது, காலையில் பார்த்தபோது உழுது வைத்த மாதிரி இருந்தது. பன்றி வருகிற பக்கம் கிழங்கு போடாதீர்கள், அல்லது பழைய தகரத்தை இரண்டடி உயரத்துக்கு நட்டுவிட்டுப் போடுங்கள். குரங்குக்கு என்னிடம் மருந்து இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் பனி உறைந்து இலை கருகும், இரவில் சாக்கால் மூடி வையுங்கள்.

உரம். 2021இல் நாட்டுக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஏப்ரல் மாத முடிவு, மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதித் தடை, நவம்பரில் தடை நீக்கம், இடையில் மரக்கறியும் தேயிலையும் பட்ட பாடு நமக்குத் தெரியும். இயற்கை உரம் பிழை என்பதல்ல அந்தப் பாடம், ஒரே நாளில் மாற்ற நினைத்தது பிழை. வீட்டிலும் அப்படித்தான், மண் பழகப் பருவங்கள் ஆகும். யூரியாவைப் பாதியாக்கி, மிச்சத்துக்குக் கூட்டெரு. அடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். தேவைக்கு மேல் போட்ட யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஒக்சைட், கரியமில வாயுவை விட 270 மடங்குக்குக் குறையாமல் சூட்டைப் பிடித்து வைக்கும். காசு கொடுத்து வாங்கியது காற்றில் போகிறது.

கூட்டெருவுக்கு ஒரு பங்கு குசினிக் கழிவு, இரண்டு பங்கு காய்ந்த இலை. தேயிலைச் சக்கை தாராளமாகப் போடலாம். வாரம் ஒரு முறை கிளறுங்கள். காற்று போகாமல் பையில் கட்டி அழுகவிட்டால் வருவது மீத்தேன், நாற்றமும் கூடவே வரும். எலும்பு, மீன் போட்டால் நாய் வரும். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் ஆகிற கூட்டெரு நம் குளிரில் ஐந்து மாதம் எடுக்கும், அது உங்கள் பிழை இல்லை.

இந்தக் கொல்லையால் எவ்வளவு கரி குறைகிறது என்று கேட்டால், உண்மையாக, கொஞ்சம்தான். உணவு பூமியைச் சூடாக்குகிற பங்கில் லொறிப் பயணம் சிறிய பகுதி, எதைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு கொட்டுகிறோம் என்பதுதான் பெரியது. பிறகு ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், சந்தோஷப் பக்கம் இது எல்லாவற்றையும் விடப் பெரியது. என் வல்லாரை வேலி தாண்டிப் போகிறது, அங்கிருந்து பாகற்காயோ பசும்பாலோ வருகிறது. 2008இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பரிசோதனையில், காலையில் சிலரிடம் 5 டொலரோ 20 டொலரோ கொடுத்து, அதைத் தனக்கு அல்லது இன்னொருவருக்குச் செலவழிக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மற்றவருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள், தொகை எவ்வளவு என்பது வித்தியாசம் செய்யவில்லை. ஒரு பிடி வல்லாரைக்கும் அது பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

ஒரு இடைச்செருகல், ஆனால் விடக்கூடாதது. கொல்லைக்காக வீட்டின் பின்பக்கச் சரிவை வெட்டி மட்டமாக்காதீர்கள், மழைநீர்க் கானை மூடிப் பாத்தி போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் மலை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். நேரான பக்கமுள்ள போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து, பக்கத்தில் ரூலரை ஒட்டி வெட்டவெளியில் வையுங்கள், மழை அளவி தயார். தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து எழுதுகிற வேலை பிள்ளைகளுக்கு. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளில் வருகிற அளவு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்குகிற அல்லது நின்றுபோகிற ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் அளவைப் பார்த்துக்கொண்டிராமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த அளவி எங்கள் வீட்டில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. இப்போது அயலில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் அளக்கிறார்கள், யார் வீட்டில் கூட மழை என்று போட்டி.

ஐந்தாம் படி: தட்டு

நம் தட்டில் மாட்டிறைச்சி அபூர்வம். சோறு, பருப்பு, ஒரு கீரை, ரொட்டி, கட்டசம்பல் என்று ஓடுகிற சாப்பாடு உலகக் கணக்கில் ஏற்கெனவே இலேசானது. ஆகவே குறைக்க வேண்டியது குப்பைக்குப் போவதை. கொப்பியில் எழுதிய சோற்றைப் பாருங்கள், எங்களுக்கு வாரத்துக்கு ஒன்பது கோப்பை வந்தது. ஒரு சுண்டு அரிசியைக் குறைத்தோம். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழஞ்சோறும் வெங்காயமும் பச்சை மிளகாயும். பால்மாவுக்குப் பதிலாக மாடு வைத்திருக்கிற வீட்டில் பால் வாங்கினால் ஒரு பையும் பெட்டியும் மிச்சம், பேச்சும் கிடைக்கும். பலாக்காய்க் காலத்தில் கீழ்ப்பக்கத்து உறவினர் ஒருவரோடு நல்லபடி இருங்கள்.

ஆறாம் படி: போக்குவரத்து

2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டெக்சாசில் வேலைக்குப் போகிற 909 பெண்களிடம், முந்தைய நாள் ஒவ்வொரு வேலையிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். டேனியல் கானமனும் சகாக்களும் செய்த ஆய்வு அது. வேலைக்குப் போய்வருகிற பயணம் கடைசி இடங்களில் நின்றது. அட்டன் பஸ் நிலையத்தில் மழைக்குள் நின்றவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

செய்யக்கூடியது பயணங்களைச் சேர்ப்பது. டவுன் வேலைகளை, வங்கி, மருந்து, சாமான் எல்லாவற்றையும், ஒரே நாளில் போடுங்கள். பக்கத்து இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே ஆட்டோவில் திரும்புங்கள், காசும் மூன்றில் ஒன்று, வழி முழுக்கப் பேச்சு. கொழும்புக்கும் பதுளைக்கும் முடிந்தபோது ரயில். மண்சரிவால் பாதை தடைப்படுவது வழக்கம், எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 1,898 மீட்டரில் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தால், வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறது உங்களுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் கிடைக்கும்.

விமானம் என்றதும் ஒன்று. குவைத்துக்கோ துபாய்க்கோ வீட்டு வேலைக்குப் போன அக்கா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிள்ளையைப் பார்க்க வருகிறார் என்றால், அதை எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள்.

ஏழாம் படி: திருவிழா டம்ளர்

தனியாகச் செய்வதை விடக் கூடிச் செய்வதுதான் நிலைக்கும், சண்டையும் அதில்தான் வரும். போன வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் 120 வாங்கலாம் என்று சில வீடுகள் சேர்ந்து பேசினோம். "யாரு கழுவுறது?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கூட்டமே அமைதியானது. உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் தோற்கும். கடைசியில், வாங்கச் சொன்ன ஆண்களே முதல் நாள் கழுவுவது என்று முடிவானது. தண்ணீர்ப் பீலிக்கரையில் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டம்ளர் தேய்த்ததைப் பார்க்க வந்த கூட்டம் தேர் பார்க்க வந்ததை விடக் குறைவில்லை. இப்போது அந்த டம்ளர்கள் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் வீடு வீடாகப் போகின்றன. எண்ணிக்கை 113ஆகிவிட்டது, ஏழு எங்கே என்று தெரியவில்லை.

இதே மாதிரி ஏணி, பெரிய சட்டி, துளையிடுகிற மெஷின் எல்லாவற்றையும் அயலோடு பொதுவாக வைத்துக்கொள்ளலாம். யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: முப்பது நாள் கழித்து, பிடிக்காததை விடுங்கள்

ஒரு மாதத்துக்கு இரண்டு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம். முப்பதாம் நாள் கொப்பியை விரித்து வலது புறத்தை வாசியுங்கள். புது எரிச்சல் வந்திருந்தால் அந்தப் பழக்கத்தை வெட்கப்படாமல் கைவிடுங்கள். நான் விட்டவை: சைக்கிள் (எங்கள் ஏற்றத்தில் போகும்போது நான் அதைத் தள்ளினேன், வரும்போது அது என்னைத் தள்ளியது), வீட்டில் சோப்புக் காய்ச்சுவது, தேத்தண்ணியில் பாலை நிறுத்துவது. வைத்திருப்பவை: குக்கர், கம்பளி, பிளாஸ்க், ஐந்து மணிக் குளியல், சாக்கில் வல்லாரை, கூட்டு ஆட்டோ, மழை அளவி. மின்பட்டியல் 74இலிருந்து 57க்கு வந்து நிற்கிறது.

சுவரில் ஒட்டிய பழைய பட்டியல் இப்போது இல்லை. ஒரு மழைநாள் காலையில் மிலாறு பற்றவில்லை என்று அம்மா அதைக் கிழித்து அடுப்புக்குள் வைத்துவிட்டார். அந்த இடத்தில் பிள்ளைகளின் மழைக்கணக்குத் தொங்குகிறது, நேற்று 14 மி.மீ.